நம்பர் வராத வருஷம்

ராக்ஃபெல்லர் சென்டர் வாசலில் டிசம்பர் மாதச் சனிக்கிழமைக் கூட்டம். கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்க்க வந்தவர்கள் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். மகள், மருமகன், பேத்தியோடு ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலேறி வந்தவர் அந்த நெரிசலில் சட்டென்று நின்றார். வாசனை. நடைபாதையோரம் ஒருவர் சட்டியில் சர்க்கரைப் பாகையும் நிலக்கடலையையும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். சர்க்கரையைக் கழித்துவிட்டால் அது மெரினாவின் வாசனை. சூடான மணலில் வறுபட்ட கடலை, இரும்புக் கரண்டி சட்டியில் உரசும் சத்தம், பழைய பேப்பரைச் சுருட்டிய பொட்டலம். அவருடைய பதினேழாவது வயது முழுக்க அந்த வாசனைதான் இருந்தது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் வீட்டுக்கு மூன்றாவது முறை வருகிறார். முதல் இரண்டு முறையும் நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி என்று எல்லாப் பெற்றோரும் போகிற பாதையில்தான் போனார். இந்த முறை அவருக்கென்று ஓர் இடம் மனதில் இருந்தது. அதைச் சொன்னால் மகள் சிரிப்பாள் என்பதால் சொல்லவில்லை. மரத்தின் முன்னால் குடும்பப் படம் எடுத்து முடிந்ததும், "இங்கேயே இரும்மா, காபி வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பி, வடக்குப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். ஐம்பதாவது தெருவிலிருந்து ஐம்பத்தொன்பதாவது தெருவரை போனால் சென்ட்ரல் பார்க். அதன் தெற்கு மூலையில் ஒரு குளம். அந்தக் குளத்து வாத்துகளைப் பார்க்க வேண்டும் என்று நாற்பது வருஷத்துக்கும் மேலாக அவருக்கு ஓர் ஆசை.

அந்த ஆசைக்குக் காரணம், நம்பர் வராமல் போனதுதான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். தேர்வு முடிவு அன்று பேப்பரில் வரும். பெயர் வராது, மதிப்பெண் வராது, பாஸானவர்களின் பதிவெண்கள் மட்டும் பொடி எழுத்தில் வரிசையாக வரும். நம் எண் இருந்தால் பாஸ். முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் இருந்து, நடுவில் நம்முடையது இல்லாவிட்டால், "நம்பர் வரலை." ஃபெயில் என்ற சொல்லைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். பி.யூ.சி.யை எடுத்துவிட்டுத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ கொண்டுவந்தபோது, அதன் முதல் அணி 1980-இல் தேர்வெழுதியது. மன்னார்குடிப் பக்கத்துப் பையனான அவரும் அந்த அணியில் ஒருவர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் குனிந்து பார்த்த ஒரே பேப்பரில், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நண்பன் ஒருவன் விரலை வரிசையில் ஓட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தான். இரண்டாம் தடவையும் விரல் அதே இடத்தில் நின்றது.

கணக்குதான் காலை வாரியது. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சாப்பிடும்போது, "பையனுக்கு மோர் ஊத்து" என்று அம்மாவிடம் சொல்வார். பையன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பான். இப்படி இரண்டு வாரம் போனது. பிறகு ஒரு தகரப் பெட்டியோடு அவனைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அக்டோபர் தேர்வுக்குள் டுடோரியலில் படித்துக் கணக்கை எழுதிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

திருவல்லிக்கேணியில் அத்தை வீடு. வீடு என்பதைவிட ஒண்டுக்குடித்தனம் என்பதே சரி. ஏழு குடும்பம், ஓர் அடிபம்பு, நடுவில் முற்றம். மாமா துறைமுகத்தில் குமாஸ்தா. டுடோரியல் காலேஜ் நடந்தே போகிற தூரம்தான். காலேஜ் என்ற சொல்லுக்குள் ஒரு மாடி, மூன்று தட்டி அறை, பெஞ்சுக்கு ஆறு பேர். தமிழ்நாட்டின் எல்லா ஊர் நம்பர் வராதவர்களும் அங்கே இருந்தார்கள். பாதிப் பேர் 'ஒருதலை ராகம்' பார்த்துவிட்டு முழு நேரத் தாடியோடு அலைந்தார்கள். அவனுக்குத் தாடியும் வரவில்லை.

கணக்கு வாத்தியார் முதல் வாரமே ஒரு தேர்வு வைத்தார். மறுநாள் இவன் விடைத்தாளை எடுத்து, வரிவரியாக, நடிப்போடு, வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி வாசித்துக் காட்டினார். கடைசியில், "நான் உன் நன்மைக்குத்தான் சொல்றேன் தம்பி" என்று முதுகில் தட்டினார். பையன் அன்று வீட்டுக்குப் போகாமல் பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அங்கேதான் அது கிடைத்தது. பழுப்புச் சிவப்பு அட்டை, மஞ்சள் எழுத்து, படமே கிடையாது. மற்றப் புத்தகங்களின் அட்டையில் துப்பாக்கியும் பெண்களும் இருக்க, இது மட்டும் ரேஷன் கார்டு போல இருந்தது. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "படமே போடாத புக்கை எவன் வாங்குவான்? ரெண்டு ரூபா குடுத்துட்டு எடுத்துக்கோ." அந்த வெறும் அட்டைக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது அவனுக்குத் தெரியாது. 1953-இல் வந்த முதல் மலிவுப் பதிப்பில், சிவப்புத் தொப்பி போட்ட பையன் ஒருவன் பெட்டியோடு நிற்கிற படத்தை வரைந்து போட்டார்கள். எழுதியவருக்கு அது அறவே பிடிக்கவில்லை. பதிப்பகம் மாறிய பிறகு வந்த பதிப்பில் படமே இல்லாமல் செய்துவிட்டார். தன் பையனின் முகத்தை வேறொருவர் வரையக் கூடாது என்கிற பிடிவாதம். ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' திருவல்லிக்கேணிக்கு இரண்டு ரூபாயில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

தலைப்பைப் பார்த்து அவன் கிரிக்கெட் கதை என்று நினைத்தான். கேட்ச் பிடிக்கிற ஒருவனைப் பற்றியதாக்கும். லிஃப்கோ அகராதியில் 'ரை' என்பதற்கு ஒரு வகைத் தானியம் என்று போட்டிருந்தது. தானியத்துக்குள் நின்று யார் கேட்ச் பிடிப்பார்கள்? அட்டையைப் புரட்டிவிட்டு முதல் பக்கத்தைப் படித்தான். எவனோ ஒருவன் எதிரே உட்கார்ந்து எரிச்சலோடு பேசுவது போல இருந்தது. பாடப் புத்தக ஆங்கிலம் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. ஏதோ ஒரு பணக்கார அமெரிக்கப் பையன், ஐந்து பாடத்தில் நாலில் ஃபெயிலாகி, பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டிருக்கிறான். சரித்திர வாத்தியார் வீட்டுக்கு விடைபெறப் போகிறான். காய்ச்சலில் படுத்திருக்கும் அந்தக் கிழவர் அவனுடைய விடைத்தாளை எடுத்து, எகிப்தியர்களைப் பற்றி அவன் எழுதிய அசட்டுப் பதிலை, அவன் கெஞ்சக் கெஞ்ச உரக்க வாசிக்கிறார். அதுவும் அவனுடைய நன்மைக்குத்தான்.

பையன் புத்தகத்தை மூடினான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். தன்னைப் பற்றி எவனோ எழுதிவிட்டான் என்று அவமானமாக இருந்தது. பிறகு திறந்து, விளக்கை அணைக்கச் சொல்லி மாமா இரண்டு முறை இருமுகிறவரை படித்தான்.

படித்தான் என்றால் பாதிதான் புரிந்தது. ஹோல்டன் கால்ஃபீல்ட் என்ற அந்தப் பதினாறு வயதுப் பையன் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல்லைச் சொல்கிறான். ஃபோனி. தலைமையாசிரியர் ஃபோனி, சினிமா ஃபோனி, பியானோ வாசிக்கிறவர் குனிந்து வணங்குகிற விதம் ஃபோனி. அகராதி 'போலியான' என்றது. போலி மருந்து, போலி டாக்டர் எல்லாம் சரி. குனிந்து வணங்குவது எப்படிப் போலியாகும்? இரண்டு நாள் கழித்து, பக்கத்துக் குடித்தனக்காரர் வந்து அத்தையின் சமையலை நீட்டி முழக்கிப் புகழ்ந்துவிட்டு ஒரு படி அரிசி கடன் வாங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை முகவாயைத் தோளில் இடித்து, "பம்மாத்து" என்றாள். பையனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் பிரதியில் அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் பென்சிலால் ஒரு சின்ன 'ப' இருக்கும்.

அந்த 'ப' போட்ட பிரதி ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போய்விட்டது. கதை போகவில்லை.

ஹோல்டன் புதன்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவன். சனிக்கிழமை ராத்திரி அறைத்தோழனோடு மூக்கில் ரத்தம் வர அடிபட்டு, விடியும்வரைகூடக் காத்திருக்காமல் விடுதியை விட்டுக் கிளம்புகிறான். நியூயார்க் வந்தும் வீட்டுக்குப் போகவில்லை. மட்டமான ஒரு ஹோட்டலில் அறை எடுக்கிறான். பெரிய மனிதன் போலச் சாராயம் கேட்டு, வயது தெரிந்து அவமானப்படுகிறான். ஒரு வேசியை வரவழைத்து, பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லி, பணத்தையும் இழந்து அடியும் வாங்குகிறான். தன் தங்கைக்கு என்று அலைந்து ஓர் இசைத்தட்டு வாங்கி, குடிபோதையில் அதைக் கீழே போட்டு உடைக்கிறான். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். தூக்கியெறிய மனம் வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் டாக்சி டிரைவர்களிடம் கேட்கிறான்: சென்ட்ரல் பார்க் குளம் பனியில் உறைந்துவிட்டால் அதில் இருக்கிற வாத்துகள் எங்கே போகும்? யாராவது லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போவார்களா?

ஒரு டிரைவர் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஹார்விட்ஸ் என்ற இன்னொருவர் கோபப்பட்டு, வாத்தை விட்டுவிட்டு மீனைப் பற்றிப் பேசுகிறார். மீன் எங்கேயும் போகாது, பனிக்கட்டிக்குள்ளேயே அப்படியே கிடக்கும் என்பது அவர் கட்சி. இந்த இடத்தில் பையனுக்குச் சிரிப்பு வந்தது. காரணம், இதே பேச்சை அவன் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். கோடையில் குட்டை வற்றினால் விரால் எங்கே தாத்தா போகும்? "எங்க போகும்? சேத்துக்குள்ள புகுந்துகிட்டுக் கிடக்கும். தண்ணி வந்தா எந்திரிச்சு வரும்." விரால் உண்மையிலேயே அப்படித்தான். ஈரச் சேற்றுக்குள் புதைந்து, மேலே வந்து காற்றை விழுங்கி, மழை வரும்வரை தாக்குப்பிடிக்கும். பனிக்கு அடியில் மீன் உயிரோடிருப்பதும், ஹார்விட்ஸ் சொன்ன காரணத்தால் இல்லையென்றாலும், உண்மைதான். நியூயார்க் டாக்சிக்காரருக்கும் பாமணியாற்றங்கரைக் கிழவருக்கும் மீன் விஷயத்தில் ஒரே நம்பிக்கை.

தலைப்பின் புதிர் பின்னால்தான் அவிழ்ந்தது. ராபர்ட் பர்ன்ஸின் ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றை ஒரு சின்னப் பையன் தெருவில் பாடிக்கொண்டு போகிறான். அதில் சந்திப்பது என்று வருகிற இடத்தை ஹோல்டன் பிடிப்பது என்று காதில் வாங்கிக்கொள்கிறான். பத்து வயதுத் தங்கை ஃபீபிதான் திருத்துகிறாள். ஆனால் அதற்குள் அவன் அந்தத் தவறான சொல்லின் மேல் ஒரு கனவே கட்டிவிட்டான். பெரிய தானியக் காடு, அதில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் விளையாடுகிறார்கள். விளிம்பில் பாதாளம். ஓடிவந்து விழப்போகிற பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துகிற ஒரே பெரிய ஆளாக அவன் நிற்க வேண்டும். வேறு எந்த வேலையும் வேண்டாம். காவிரி டெல்டாப் பையனுக்குப் பாதாளம்தான் பிடிபடவில்லை. தட்டையான ஊர். அவன் பார்த்த பெரிய பள்ளம் ஆற்றங்கரை மேட்டிலிருந்து படுகைக்கு இறங்குகிற சரிவு. அதில் பிள்ளைகள் வேண்டுமென்றே உருளுவார்கள். ஆக, முதல் வாசிப்பில் அவனுடைய ஹோல்டன் பெரிய ஆபத்து எதிலிருந்தும் யாரையும் காப்பாற்றவில்லை.

ஹோல்டன் செய்ததை அவனும் ஒரு ராத்திரி செய்து பார்த்தான். செப்டம்பரில் டுடோரியல் மாதிரித் தேர்வு. பன்னிரண்டு கேள்வியில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுந்து வந்தவன் நேரே மெரினாவுக்குப் போனான். பத்து காசுக்குக் கடலை. இருட்டியது. கூட்டம் குறைந்தது. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து கடலைத் தடவிவிட்டுப் போனது. எட்டு மணிக்கு மேல், வீட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் விடுதலை என்று தோன்றியது. பத்து மணிக்குப் பயம் வந்தது. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. ரோட்டோரத்துப் பொதுத் தொலைபேசிக் கூண்டில் ஏறி நின்றான், கையில் காசு. கதையில் ஹோல்டன் பென் ஸ்டேஷனில் இறங்கியதும் இதே போல ஒரு போன் பூத்தில் நுழைகிறான். அண்ணன், தங்கை, சிநேகிதி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லி, இருபது நிமிஷம் நின்றுவிட்டு யாரையும் கூப்பிடாமல் வெளியே வருகிறான். திருவல்லிக்கேணிப் பையனின் நிலைமை அதைவிட மோசம். அவனுக்குத் தெரிந்த ஒருவரிடமும் போனே கிடையாது. மன்னார்குடிக்கு டிரங்க் கால் போட்டாலும் அப்பாவைக் கூப்பிட எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் எழுந்திருக்க வேண்டும். ரிசீவரை எடுத்து, டயல் டோனைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வைத்துவிட்டான்.

திரும்பி வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வாசல் படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மாமா சைக்கிளில் ஐஸ் ஹவுஸ் பக்கம் தேடிப் போயிருந்தார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் தட்டைத் திறந்து வைத்தாள். சாப்பிடுகிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். "உங்கப்பனுக்கு எழுத மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதே வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் அம்மா ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். முறுக்கு, எள்ளுருண்டை, அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புது கேமல் ஜாமெட்ரி பாக்ஸ். சிறுவாட்டுப் பணத்தில் வாங்கியது. பிளஸ் டூ கணக்கில் பாகைமானிக்கு வேலையே இல்லை, அது ஆறாம் வகுப்புச் சாமான். பையன் கணக்கில் ஃபெயில், கணக்குக்கு வேண்டியது ஜாமெட்ரி பாக்ஸ் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அவனுக்கு எரிச்சலாக வந்தது. டுடோரியல் பையன்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்று பெட்டியின் அடியில் தள்ளினான்.

அக்டோபரில் எழுதினான். இருநூறுக்கு எழுபத்து நாலு. பாஸ் மதிப்பெண்ணைவிட நாலு அதிகம். பிறகு கல்லூரி, வங்கிப் பரீட்சை, பணி மாற்றங்கள், கல்யாணம் என்று காலம் நேர்கோட்டில் போனது.

ஹோல்டன் மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தான். வேலைக்குப் போன பிறகு, நூலகங்களில் தேடி அவனைப் பெற்றவரைப் பற்றித் தெரிந்துகொண்டார். சாலிஞ்சரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்தான். பிறகு பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் ராணுவப் பள்ளியில் படிப்பை முடித்தார். ஹோல்டன் வருகிற அவருடைய முதல் கதையை 'நியூயார்க்கர்' 1941-இல் ஏற்றுக்கொண்டு, போர் வந்துவிட்டதால் போடாமல் வைத்திருந்து 1946-இல்தான் போட்டது. இடையில் சாலிஞ்சர் போருக்குப் போனார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கிய படையில் அவர் இருந்தார். ஹோல்டனைப் பற்றி எழுதிய பக்கங்களைப் போர்முனையிலும் தன்னோடு சுமந்து திரிந்தார் என்கிறார்கள். ஹூர்ட்கன் காட்டுச் சண்டை, நாஜி முகாம்களின் பிணக்குவியல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1945-இல் நியூரம்பர்க்கில் மனம் நொந்து மருத்துவமனையில் படுத்தார். நாவலில் போரைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, ரத்தப் புற்றில் இறந்துபோன ஒரு தம்பி இருக்கிறான். ஆலி. இடக்கைப் பழக்கக்காரன். பேஸ்பால் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகளை எழுதி வைத்து, பந்து வராத நேரத்தில் படித்துக்கொண்டு நிற்பவன். அவன் செத்த ராத்திரி ஹோல்டன் கார் கொட்டகையின் கண்ணாடிகளையெல்லாம் வெறும் கையால் உடைக்கிறான். அந்தக் கை பிறகு சரியாக மூடவில்லை.

நூலை முதலில் கேட்ட பதிப்பகத்தில் பதிப்பாசிரியர் ராபர்ட் ஜிரூவுக்கு அது பிடித்திருந்தது. அவருடைய மேலதிகாரி படித்துவிட்டு, இந்தப் பையன் பைத்தியமா என்று கேட்டார். சாலிஞ்சர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய், லிட்டில் பிரவுனிடம் கொடுத்தார். 1951 ஜூலையில் நாவல் வந்தது. பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள், பள்ளிகளிலேயே தடையும் செய்தார்கள். 1960-இல் ஓக்லஹோமாவின் டல்ஸாவில் இதைப் பதினோராம் வகுப்புக்கு வைத்ததற்காக ஓர் ஆசிரியரை வேலையை விட்டு நீக்கிப் பிறகு சேர்த்தார்கள். 1980 டிசம்பர் 8 அன்று ஜான் லெனனைச் சுட்டவன் போலீஸ் வரும்வரை நடைபாதையில் நின்று இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். மன்னார்குடிப் பையன் பென்சிலால் 'ப' போட்டுக்கொண்டிருந்த அதே வருஷம். இது தெரிய வந்த நாள் அவருக்கு நன்றாக இல்லை. ஒரே புத்தகத்தை அவனும் படித்திருக்கிறான் என்றால், படிப்பது என்பது என்னதான்?

சாலிஞ்சரோ 1953-இல் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் என்ற சிற்றூருக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார். 1965-க்குப் பிறகு எதையும் வெளியிடவில்லை. சினிமாக்காரர்கள் எவ்வளவோ கேட்டும் ஹோல்டனைத் தரவில்லை. 2010-இல் தொண்ணூற்றொரு வயதில் இறந்தார்.

தமிழில் இப்படி ஒருவன் உண்டா என்று நண்பர்கள் பேசும்போதெல்லாம் அவர் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' சந்திரசேகரனைச் சொல்வார். செகந்திராபாத் ரயில்வே குடும்பத்துப் பையன். கிரிக்கெட், காலேஜ், தெருச் சண்டை. நிஜாம் ராஜ்யம் அவனைச் சுற்றி நொறுங்கி, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது. ஹோல்டன் நியூயார்க்கில் அலைவதாகக் கணக்கிடக்கூடிய 1949 டிசம்பருக்கு ஒன்றேகால் வருஷம் முன்பு. ஹோல்டனுக்குப் பாட்டி அனுப்பிய பணம் பையில் இருந்தது, ஓடுவதற்கு ஹோட்டல் இருந்தது. சந்திரசேகரன் ஓடி நுழைகிற வீட்டில், உயிருக்குப் பயந்த ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற அவன் வயதுப் பெண் ஒருத்தி தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் அங்கிருந்தும் ஓடுகிறான். பாதாளம் என்றால் என்னவென்று டெல்டாப் பையனுக்குக் கடைசியில் சொல்லிக்கொடுத்தது இந்தப் பக்கங்கள்தான். நேர்மையாகச் சொன்னால், இரண்டில் பெரிய நாவல் இது என்றுகூட அவர் வாதாடுவார். ஆனால் பதினேழு வயதில் கைக்குக் கிடைத்தது மற்றது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இந்த முறை விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒரு புதுப் பிரதி வாங்கினார். அட்டையில் பழையபடி படம் இல்லை. சென்னையிலிருந்து நியூவர்க் வரை படித்தார். தூங்காததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொன்னார்.

வேறு புத்தகம் போல இருந்தது. பதினேழு வயதில் கோபம் வந்த இடங்களில் இப்போது சிரிப்பு வந்தது. பையன் கொஞ்சம் நச்சுப் பிடித்தவனாகவும் தெரிந்தான். எல்லோரையும் பம்மாத்து என்கிறவன் தானே வாயைத் திறந்தால் பொய். ரயிலில் சக மாணவன் ஒருவனின் தாயைச் சந்திக்கிறான். அந்த மாணவன் மகா கெட்டவன். ஹோல்டனோ அந்த அம்மாளிடம், உங்கள் மகன் கூச்ச சுபாவி, எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும், தேர்தலில் நிற்கச் சொன்னோம் மறுத்துவிட்டான் என்று அளந்துவிடுகிறான். அந்த அம்மாள் முகம் மலர்வதற்காக. பதினேழு வயதில் இதைத் தமாஷ் என்று தாண்டிப் போனவர் இப்போது அங்கே நின்றுவிட்டார். அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு இடம். விடுதியில் பெட்டி கட்டும்போது, அம்மா அனுப்பிய புத்தம் புது ஸ்கேட்டிங் காலணி கண்ணில் படுகிறது. அவன் கேட்டது ஒன்று, அம்மா வாங்கியது வேறு. கடையில் அவள் விற்பனையாளனிடம் விவரமில்லாத கேள்வியெல்லாம் கேட்டிருப்பாள் என்று அவன் நினைத்துப் பார்க்கிறான். வருத்தமாகிவிடுகிறது.

கேமல் ஜாமெட்ரி பாக்ஸ். முப்பதாயிரம் அடி உயரத்தில், பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிற நேரத்தில், அந்தத் தகர டப்பாவின் மஞ்சள் நிறம் ஞாபகம் வந்தது. மன்னார்குடிக் கடையில் அம்மா என்ன கேட்டு வாங்கியிருப்பாள்? "பெரிய படிப்புக்கு, பெரிய சைஸ் இருக்கா?" என்று கேட்டிருப்பாளோ?

ஹோல்டன் நடுராத்திரி திருடன் போலத் தன் வீட்டுக்குள்ளேயே நுழைந்து தங்கையைப் பார்க்கிறான். வெளியே போயிருந்த பெற்றோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவன் அலமாரிக்குள் ஒளிகிறான். அம்மா உள்ளே வந்து, சிகரெட் வாசனையைக் கேட்கிறாள். நான்தான் ஒரு இழுப்பு இழுத்தேன் என்று ஃபீபி பழியை ஏற்கிறாள். அம்மாவுக்குத் தலைவலி. ஆலி செத்ததிலிருந்து அவள் உடம்பு தேறவில்லை, பாதி ராத்திரி விழித்திருந்து புகைக்கிறாள் என்பதை ஹோல்டன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். ஒரு வரி, இரண்டு வரி. பையன் அவ்வளவுதான் கவனிப்பான். அலமாரிக்குள் நிற்கிற பையனோடு மூச்சடக்கி நின்றவர், நாற்பது வருஷம் கழித்து, அலமாரிக்கு வெளியே நிற்கிறவளைப் பார்த்தார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இன்னொரு பிள்ளை எட்டடி தள்ளி ஒளிந்திருப்பது தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள்.

வாசற்படி அத்தையும் ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் இப்போது இல்லை.

குளம் வந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. கல் பாலம், மொட்டை மரங்கள், பின்னால் ஹோட்டல் கட்டிடங்கள். கரையோரம் மெல்லிய பனி ஏடு கட்டியிருந்தது, நடுவில் தண்ணீர். வாத்துகள் இருந்தன! பச்சைத் தலை ஆண்களும் பழுப்புப் பெட்டைகளுமாக இருபது முப்பது. ஹோல்டன் குடிபோதையில் இருட்டில் வந்து சுற்றிச் சுற்றித் தேடி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் திறந்திருக்கிறவரை அவை இங்கேயே இருக்கும். முழுக்க உறைந்தால் பூங்காவுக்குள்ளேயே வடக்கே இருக்கிற பெரிய நீர்த்தேக்கத்துக்கோ வேறெங்கோ பறந்துவிடும். பறவை என்பதால் லாரி தேவையில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆயுளும் ஒரு விசாவும் வேண்டியிருந்தது.

நகரத்தில் ஹோல்டன் கால் வைத்த இடங்களில் பலவும் இப்போது இல்லை. அவன் வந்து இறங்கிய பழைய பென் ஸ்டேஷனை 1963-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். மாநகராட்சி தன் கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022-இல் பெயர்த்தெடுத்துவிட்டது. எதுவுமே மாறாது, நாம்தான் மாறிப் போய் நிற்போம் என்று அவன் நம்பிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்கூட, அவன் சொல்கிற அந்த நீளமான போர்ப்படகை, அறுபத்து மூன்று அடி, இடம் மாற்றிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். போன வாரம் பேத்தியோடு போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

கோட்டுப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் பதினோரு தவறிய அழைப்புகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?" மகளின் குரல் நடுங்கியது.

"இங்கதாம்மா. வாத்து பார்த்துட்டு இருக்கேன்."

மறுமுனையில் சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "அங்கேயே நில்லுங்க. ஒரு அடி நகரக்கூடாது" என்றாள். அவளுடைய சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் அவர் அவளிடம் சொன்ன அதே வாக்கியம்.

கால் மணியில் மூவரும் வந்தார்கள். மகள் கண் சிவந்திருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவளை முந்திக்கொண்டு, பேத்தி குடை ராட்டினம் எங்கே என்று கேட்டாள். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதையில் ஐந்தாறு நிமிஷம் நடந்து போனால், செங்கல் கட்டிடம் பூட்டிக் கிடந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால் இருட்டில் மரக் குதிரைகளின் பற்கள் தெரிந்தன. ஹோல்டன் மழையில் நனைந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, ஃபீபி சுற்றுவதைப் பார்க்கிற ராட்டினம். கோபம் தணிந்த ஃபீபி அவன் பையிலிருந்து அந்தச் சிவப்பு வேட்டைத் தொப்பியை எடுத்து அவன் தலையில் வைக்கிறாள்.

"இது அந்த ராட்டினம் இல்ல" என்றார் அவர் பேத்தியிடம். "பழசு 1950-இல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. அந்தக் கதை புஸ்தகமா வர்றதுக்கு முன்னாடியே. இது கோனி ஐலண்டுல கெடந்தது, கொண்டாந்து வச்சாங்க. அம்பத்தேழு குதிரை."

"எந்தக் கதை தாத்தா?"

"அப்புறம் சொல்றேன்."

"அப்புறம் என்ன அப்புறம்," என்று மகள் ஆரம்பித்தாள். "ஒரு மணி நேரமா நாங்க போலீஸ்காரன்கிட்ட உங்க சட்டைக் கலர் சொல்லிட்டு நிக்கறோம். இந்தக் குளிர்ல குல்லாகூடப் போடாம..." பேத்தி அம்மாவின் கைப்பையைத் துழாவி, அவர் காலையில் வேண்டுமென்றே சோபாவில் விட்டுவிட்டு வந்த பழுப்பு நிறக் குரங்குக் குல்லாவை எடுத்தாள். அவர் குனிந்தார். அவள் அதைத் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் காதுவரை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மகள் திட்டியதில் அவருக்குப் பாதிதான் கேட்டது.